இரவில் நிறுத்திய பிளோயரும் ஞாயிறன்று வரப்போகும் லாரியும்: நம் குடியிருப்போர் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

இந்த மாதம் 1ஆம் தேதி லிப்டுக்குப் பக்கத்தில் ஒரு சுற்றறிக்கை ஒட்டினீர்கள். பொது மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக, இனி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை எஸ்.டி.பி.யில், அதாவது நம் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், காற்று ஊதும் பிளோயர் ஓடாது என்றது அது. 19ஆம் தேதி அதே பலகையில் இன்னொரு தாள். எஸ்.டி.பி.யிலிருந்து துர்நாற்றம் வருவதாகப் பலர் புகார் செய்வதால், வரும் ஞாயிற்றுக்கிழமை தொட்டியில் உள்ள கசடு முழுவதையும் லாரி வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, ஆட்களை இறக்கிக் கழுவப்போகிறோம் என்கிறது இது.

இரண்டு தாளும் இப்போதும் அங்கேதான் இருக்கின்றன. முதல் தாளில் எடுத்த முடிவினால்தான் இரண்டாவது தாளுக்கு வேலை வந்தது என்று உங்களில் ஒருவருக்குமா தோன்றவில்லை?

நான் பி பிளாக்கில், எஸ்.டி.பி.க்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் இருக்கிறேன். பள்ளியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். ஆனால் கழிவுநீரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதிக்கு மேல் நம் ஆபரேட்டர் தம்பியிடம் கற்றது. 2019 கோடையை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். பழைய மகாபலிபுரம் சாலையில் நம்மைப்போல லாரியை நம்பியிருந்த வளாகங்களில், காலையில் குழாயைத் திறக்கும்போது ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திறப்போம். அந்த மூன்று மாதத்தில் நம் வீடுகளில் ஒருநாளும் நின்றுபோகாத தண்ணீர் ஒன்றே ஒன்றுதான், கழிப்பறை ஃப்ளஷ் தொட்டிக்கு வந்த தண்ணீர். அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்க அப்போது முதல்முறையாக பேஸ்மென்ட் பக்கம் இறங்கிப் போனேன்; எஸ்.டி.பி.யில் சுத்திகரித்த நம் கழிவுநீர்தான் அது. அதிலிருந்து வாரத்தில் நான்கைந்து நாள் காலையில் போய்வருவது வழக்கமாகிவிட்டது. ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்திருக்கிறேன். இந்த மடலில் நான் காட்டும் சாட்சி அந்த நோட்டுப் புத்தகம்தான்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடைசிப் பொதுக்குழுவில் ஒருவர் எழுந்து "நாற்றம் போகத்தானே காற்று அடிக்கிறோம், ராத்திரி எல்லாரும் தூங்கும்போது எதுக்கு?" என்று கேட்டார், பலர் தலையாட்டினார்கள். கேள்வியில் தவறில்லை. காற்று நாற்றத்தை விரட்டுவதற்காக அடிக்கப்படுகிறது என்ற எண்ணம்தான் தவறு.

சமையலறை, குளியலறை, கழிப்பறை எல்லாவற்றின் தண்ணீரும் முதலில் ஒரு கம்பிச் சல்லடையில் வந்து விழுகிறது. பிளாஸ்டிக், துடைப்புத் தாள், நாப்கின் எல்லாம் அங்கே மாட்டும். (மாட்டுவதை யார் கையால் எடுக்கிறார்கள் என்று ஒரு தடவை நேரில் வந்து பார்த்தால், நம்மில் பலர் அவற்றைக் கழிப்பறைக்குள் போடுவதை நிறுத்திவிடுவோம்.) அடுத்தது எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் ஆயில் டிராப். தீபாவளிக்கு மறுநாள் அதன் மூடியைத் திறந்தால் வளாகத்தில் எத்தனை சட்டி எண்ணெய் கொதித்தது என்று தெரிந்துவிடும். ஒரு வருஷம் என் வீட்டு அதிரச எண்ணெயும் அதில் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பிறகு எல்லாம் ஒரு சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது. காலை 6 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் வெள்ளமாக வருவதையும் மத்தியானம் சொட்டுச் சொட்டாக வருவதையும் ஒன்றாகத் தேக்கி, இருபத்துநாலு மணி நேரமும் ஒரே சீராக அடுத்த தொட்டிக்கு அனுப்புவதுதான் அதன் வேலை.

அந்த அடுத்த தொட்டிதான் ஏரேஷன் தொட்டி. நாம் தண்ணீரில் விட்ட மலம், சோப்பு, சாதக் கஞ்சி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாவற்றையும் அங்கே பாக்டீரியாக்கள் தின்கின்றன. ரசாயனம் எதுவும் ஊற்றி அழுக்கைக் கரைப்பதில்லை. கோடிக்கணக்கான உயிர்கள் தின்று, மூச்சுவிட்டு, கார்பன் டை ஆக்சைடாகவும் தண்ணீராகவும் தங்கள் உடம்பாகவும் அதை மாற்றுகின்றன. நம்மைப்போல ஆக்சிஜன் வேண்டிய உயிர்கள். ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. சென்னை வெயிலில் ஒரு லிட்டர் தண்ணீரில் அதிகபட்சம் கரைந்திருக்கக்கூடியது ஏழரை மில்லிகிராம்தான். அதனால்தான் தொட்டியின் அடியில் ரப்பர் சவ்வு போர்த்திய டிஃப்யூசர்களை வைத்து, பிளோயர் மூலம் சின்னச் சின்னக் குமிழியாகக் காற்றை விடாமல் ஊதுகிறோம். தொட்டி நீரில் 2 மில்லிகிராம் ஆக்சிஜன் எப்போதும் மிச்சம் இருக்க வேண்டும் என்பது கணக்கு.

இனி உங்கள் இரவு நேர முடிவுக்கு வருகிறேன். அந்தத் தொட்டியில் ஒரு லிட்டரில் உள்ள நுண்ணுயிர்கள் மணிக்கு 20 முதல் 40 மில்லிகிராம் ஆக்சிஜனைக் குடிக்கும். மிச்சம் இருக்கும் 2 மில்லிகிராம் எத்தனை நேரம் வரும் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள். மூன்று முதல் ஆறு நிமிடம். பத்து மணிக்கு ஸ்விட்சை அணைத்தால் பத்தே காலுக்குள் தொட்டியில் ஆக்சிஜன் பூச்சியம். விடியற்காலை ஆறு மணிவரை அதே பூச்சியம். நாம் தூங்குவதால் அவை தூங்குவதில்லை. தின்ன எதுவும் வராவிட்டாலும் மூச்சுவிட்டுத்தான் ஆக வேண்டும். அதிலும், நீங்கள் நிறுத்தியது பிளோயரை மட்டும்தான். சேகரிப்புத் தொட்டியின் பம்ப் மிதவையில் தானாக ஓடுவது, அது இரவு முழுக்க அழுக்குத் தண்ணீரை உள்ளே தள்ளிக்கொண்டேதான் இருந்தது. மூச்சை அடைத்துக்கொண்டு வாயில் சோறு ஊட்டியது மாதிரி.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பாதி உண்மை சொன்னவளாவேன். கொஞ்ச நேரம் காற்றை நிறுத்துவது பாவமே இல்லை. அரை மணி நேரம் காற்று இல்லாவிட்டால் பல பாக்டீரியாக்கள் தண்ணீரில் உள்ள நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிச் சமாளித்துக்கொள்ளும், நைட்ரஜன் வாயுவாக வெளியேறிவிடும். அதற்காகவே வேண்டுமென்று நிறுத்தி நிறுத்தி ஓட்டுகிற நிலையங்களும் உண்டு. ஆனால் எட்டு மணி நேரத்தில் நைட்ரேட்டும் தீர்ந்துவிடும். அப்புறம் மேடைக்கு வருவது வேறு கூட்டம். தண்ணீரில் உள்ள சல்பேட்டைத் தின்று ஹைட்ரஜன் சல்பைடு விடுகிற கூட்டம். நீங்கள் எல்லாரும் புகார் செய்கிற அழுகிய முட்டை நாற்றம் அதுதான்.

நோட்டுப் புத்தகத்துக்கு வருகிறேன். காலையில் ஏரேஷன் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் எடுத்து, அளவு உருளையில் ஊற்றி, அசையாமல் அரை மணி நேரம் வைப்போம். கசடு அடியில் படிந்து மேலே தெளிந்த நீர் நிற்கும். கசடு எத்தனை மில்லியில் நிற்கிறது, மேல் நீர் எப்படி இருக்கிறது என்று எழுதுவோம். இது ஒன்றும் பெரிய ஆராய்ச்சி இல்லை, உலகம் முழுக்க ஆபரேட்டர்கள் தினமும் செய்கிற சோதனை. போன மாதம் முழுக்க 280, 300, 290 என்றுதான் வந்தது. டிகாக்ஷன் தூக்கலான காபி நிறம். மேல் நீரின் வழியாக எதிரில் உள்ள எழுத்தைப் படிக்கலாம். மண் வாசனை மாதிரி ஒரு வாசனை.

4ஆம் தேதி மேல் நீர் லேசாகக் கலங்கல். 7ஆம் தேதி கசடு ஒழுங்காகத்தான் படிந்தது, ஆனால் ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் கட்டி கட்டியாக மேலே மிதந்து கிடந்தது. அடியில் உண்டான வாயுக் குமிழிகள் அதைத் தூக்கிவிட்டிருந்தன. அடுத்துள்ள படிவுத் தொட்டியிலும் இதே கதை, கசடு மிதந்து தண்ணீரோடு சேர்ந்து மணல் வடிகட்டிக்குள் போக ஆரம்பித்தது. 12ஆம் தேதி காலை 6 மணிக்கு மூடியைத் திறந்தபோது நிறம் கறுப்பு. அன்று பழைய பள்ளிக்கூட நுண்ணோக்கி ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். மணி மாதிரித் தலையும் காம்பும் உள்ள வோர்டிசெல்லா என்ற ஓர் உயிர் உண்டு, நல்ல தொட்டியில் ஒவ்வொரு துளியிலும் நாலைந்து ஆடிக்கொண்டிருக்கும். அன்று ஐந்து துளி பார்த்தேன், ஒன்றுகூட இல்லை. 16ஆம் தேதி அரை மணி நேரத்துக்குப் பிறகும் கசடு 520 மில்லியில் நின்றது. பஞ்சு மாதிரி ஊதிப்போய், படியவே மாட்டேன் என்றது. ஆக்சிஜன் பற்றாக்குறையில் நூல் நூலாக வளரும் பாக்டீரியாக்கள் ஓங்கினால் இப்படித்தான் ஆகும்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போது, ஃப்ளஷ் தண்ணீர் மஞ்சளாக வருகிறது என்று சி பிளாக்கில் புகார். உடனே கிருமி கொல்லும் குளோரின் மருந்தான ஹைப்போகுளோரைட்டை இரண்டு மடங்கு ஊற்றச் சொன்னீர்கள். ஊற்றினார். நாற்றத்தோடு பிளீச்சிங் வாடையும் சேர்ந்ததுதான் மிச்சம். காரணம் எளிது. அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள்தான் அந்தத் தொட்டியிலேயே மெல்ல வளர்பவை, ஆக்சிஜன் குறைந்தால் முதலில் சோர்பவையும் அவைதான். அவை படுத்துவிட்டால் அம்மோனியா அப்படியே மிஞ்சும். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜன் எட்டு, பத்து மில்லிகிராம் குளோரினை விழுங்கிவிடும். நோய்க்கிருமியைக் கொல்ல ஊற்றிய குளோரினெல்லாம் அதற்கே சரியாகப் போனது.

இனி பணம். பொருளாளரின் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. பொது மின்கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, பராமரிப்புத் தொகையை உயர்த்தினால் முதலில் சண்டைக்கு வருவதும் நாம்தான். ஆனால் கணக்கை முழுசாகப் போட வேண்டும் அல்லவா? நம் பிளோயர் ஏழரை குதிரைத்திறன், அதாவது 5.5 கிலோவாட். எட்டு மணி நேரம் நிறுத்தினால் 44 யூனிட் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 352 ரூபாய். 180 வீட்டுக்குப் பிரித்தால், வீட்டுக்கு மாதம் 59 ரூபாய்கூட வரவில்லை. பிளாட்பாரக் கடையில் நாலு டீ.

எதிர்ப்பக்கம் என்ன? 180 வீட்டில் வீட்டுக்கு நாலு பேர் என்றால் 720 பேர். ஃப்ளஷ் செய்ய மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது கட்டட வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் அளவு. 32,400 லிட்டர் ஆகிறது. இந்தத் தண்ணீர் உபயோகிக்க லாயக்கில்லாமல் போனால் அதற்குப் பதில் 12,000 லிட்டர் லாரி தினமும் ஏறக்குறைய மூன்று வர வேண்டும். போன கோடையில் ஒரு லாரிக்கு 1,800 ரூபாய் கொடுத்தோம். நாளைக்கு 352 ரூபாயை மிச்சம் பிடிக்க 5,400 ரூபாயைப் பணயம் வைத்திருக்கிறோம். இந்த வாரம் ஏ பிளாக்கில் ஆறு வீட்டுக்காரர்கள் ஃப்ளஷ் குழாயை மூடிவிட்டு வாளியில் நல்ல தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியுமா?

இதில் வேடிக்கை என்னவென்றால், நம் பிளோயர் தேவையைவிடப் பெரியது என்று நீங்கள் சொல்வது சரிதான். நம் கழிவுநீரின் அளவுக்குத் தேவையான ஆக்சிஜனைக் கணக்குப் போட்டால், அது ஊதுகிற காற்றில் பாதிகூடத் தேவைப்படாது. மிச்சக் காற்று தொட்டியைக் கலக்கிவைக்க மட்டும் உதவுகிறது. அப்படியானால் வழி, வேகத்தைக் குறைப்பது. மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. பெட்டி ஒன்றைப் பொருத்தி 70 சதவீத வேகத்தில் ஓட்டினால், இந்த வகை பிளோயரில் மின்சாரமும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் குறையும். நாளைக்கு 132 யூனிட் இழுப்பதில் 40 யூனிட் மிச்சம். நிறுத்தி மிச்சம் பிடிப்பது 44, நிறுத்தாமலே மிச்சம் பிடிப்பது 40. நாலு யூனிட்டுக்காகவா இவ்வளவும்? இதை ஆபரேட்டர் தம்பி ஒரு வருஷத்துக்கு முன்பே சொன்னார். அலுவலக அறையில் நின்றுகொண்டே சொன்னார். உட்காருங்கள் என்று சொல்ல ஆளில்லை, குறித்துக்கொள்ளவும் ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்துக்கு வருகிறேன். "கசடு முழுவதையும்" எடுப்பது என்கிறீர்கள். கசடு என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. அது அழுக்கு இல்லை, அழுக்கைத் தின்கிற கூட்டம். 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் பாட்டிலில் கழிவுநீரை ஊற்றிக் காற்று ஊதிப் பார்த்தார்கள். முதல்முறை முழுசாகச் சுத்தமாக ஐந்து வாரம் ஆனது. தெளிந்த நீரை மட்டும் கொட்டிவிட்டு, அடியில் படிந்ததை வைத்துக்கொண்டு, அதன் மேல் புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். நேரம் குறைந்தது. திரும்பத் திரும்பச் செய்தபோது வாரக்கணக்கு மணிக்கணக்கானது. அதுவரை எல்லாரும் தூக்கியெறிந்துகொண்டிருந்த வண்டலைத் தூக்கியெறியாததுதான் அவர்களின் கண்டுபிடிப்பு. அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர் பிறகு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர், ஆகவே இந்த விஷயம் நம் பக்கத்துக்கும் நூறு வருஷப் பழசு. நம் வீடுகளில் இதைவிடப் பழசு. தயிர் முழுவதையும் பரிமாறிவிட்டு, உறை ஊற்ற ஒரு கரண்டிகூட வைக்காமல் பாத்திரத்தைத் தேய்த்துக் கவிழ்த்து வைப்போமா?

வளர்ந்து அதிகமாகிப்போன கசடைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, ஃபில்டர் பிரஸ்ஸில் பிழிந்து, உலர்த்த வேண்டும்தான். அதைச் செய்யாமல் விட்டாலும் தொட்டி கெடும். ஆனால் முழுவதையும் உறிஞ்சிவிட்டால் திங்கட்கிழமை காலை 720 பேரின் கழிவுநீர் வெறும் தொட்டிக்குள் விழும். அதைத் தின்ன அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சாணியைக் கரைத்து ஊற்றி, வேறு ஒரு நிலையத்திலிருந்து கசடு கடன் வாங்கிவந்து, மூன்று நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த வாரங்களில் சுத்தமாகாத தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டதற்கு, குழுவில் ஒருவர் வெளியில் உள்ள மழைநீர்க் கால்வாயைக் காட்டினார். அந்தக் கால்வாய் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து முட்டுக்காடு பக்கம் போகிறது. ஞாயிறு மாலை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நாம் படகு விடப் போகிற இடம். நம் இயக்க அனுமதி 1974ஆம் வருஷத்துத் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்தது. 2017இல் மத்திய அரசு பெருநகரங்களில் சுத்திகரித்து வெளியேற்றும் நீரின் பி.ஓ.டி. (அதில் மிஞ்சிய அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்றது. 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அதை 10 ஆக இறுக்கச் சொன்னது. வீட்டுக் கழிவுநீர் அப்படியே போனால் 200, 300 இருக்கும். கால்வாயைக் கைகாட்டுவது எவ்வளவு சுலபம்.

ஆனால் நான் இந்த மடலைத் தனியாகக் கொடுக்காமல் எல்லாரும் படிக்க எழுதுவதற்குக் காரணம் கசடு இல்லை, "ஆட்களை இறக்கி" என்ற இரண்டு சொற்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், அப்போதிருந்த குழுவின் காலத்தில், டிஃப்யூசர் அடைத்துக்கொண்டது என்று எங்கிருந்தோ இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். நான் காலை நடை முடித்துத் திரும்பும்போது சேகரிப்புத் தொட்டியின் மூடி திறந்திருந்தது. அதில் ஒரு பையன், இருபது இருபத்திரண்டு வயதிருக்கும், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியில் முதல் படியில் காலை வைத்திருந்தான். முகக்கவசம் இல்லை, இடுப்பில் கயிறு இல்லை, வாயு அளக்கும் கருவி இல்லை. "நாத்தம் அப்பயே போயிடுச்சும்மா, ஒண்ணும் இல்ல" என்றான். அவன் சொன்னதைக் கேட்டதும்தான் எனக்கு உடம்பு நடுங்கியது. ஹைட்ரஜன் சல்பைடு மிகக் குறைவாக இருக்கும்போதுதான் நாறும். பத்து லட்சத்தில் நூறு பங்கை எட்டினால் மூக்கு செத்துவிடும், நாற்றம் தெரியாது. எழுநூறைத் தாண்டினால் சில மூச்சில் ஆள் விழுவான். நாற்றம் போய்விட்டது என்றால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்தேன். கிழவி கத்துகிறாள் என்று நாலு பேர் கூடினார்கள். அன்று வேலை நின்றது. அரை நாள் கூலி போச்சே என்று அவன் என்னைத் திட்டிக்கொண்டே போனான், அவன் திட்டியதில் நியாயம் இருந்தது. அவன் கூலியை நாம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

இப்போது பதினெட்டு இரவு காற்றில்லாமல் அழுகவிட்ட ஒரு தொட்டிக்குள் ஆள் இறக்கப்போகிறோம் என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறீர்கள். 2013ஆம் வருஷத்துச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் மனிதரை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு வருஷம் வரை சிறை. உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் இப்படி இறப்பவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. இத்தகைய சாவுகளில் நாட்டிலேயே முன்வரிசையில் இருக்கும் மாநிலம் நம்முடையது. நம்முடையது எஸ்.டி.பி. தொட்டி, செப்டிக் டேங்க் இல்லை என்று வாதாட வக்கீல் கிடைக்கலாம். இறங்குகிறவனின் நுரையீரலுக்கு அந்த வாதம் உதவாது.

நான் கேட்பவை இவை.

இன்று இரவே பிளோயரை மறுபடி ஓட விடுங்கள். பத்து நாள் விடாமல் ஓடினால் தொட்டி தானாகத் தேறும் என்று ஆபரேட்டர் தம்பி சொல்கிறார், நானும் நம்புகிறேன். அந்தப் பத்து நாளும் கசடு அளவை எழுதி, லிப்ட் பக்கத்தில் உங்கள் சுற்றறிக்கைகளை ஒட்டிய அதே பலகையில் தினமும் ஒட்டுகிறோம்.

ஞாயிற்றுக்கிழமை வரச்சொன்ன லாரியையும் ஆட்களையும் இன்றே ரத்து செய்யுங்கள். அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்த ஆட்களின் கூலியைத் திரும்பக் கேட்காதீர்கள். நம் வளாகத்தின் எந்தத் தொட்டியிலும் எந்தக் காரணத்துக்காகவும் மனிதர் இறங்கமாட்டார் என்று சங்கத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். டிஃப்யூசரை மாற்ற வேண்டுமானால், மேலேயிருந்தே தூக்கி எடுக்கும்படி குழாயோடு இணைத்த மாதிரிகள் இருக்கின்றன. அடுத்த முறை மாற்றும்போது அவற்றையே வாங்க வேண்டும்.

வி.எஃப்.டி.க்கும், தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை அளக்கும் மீட்டருக்கும் மூன்று இடத்தில் விலை கேட்டு, 15 நாளுக்குள் உறுப்பினர்கள் முன் வையுங்கள். பெல்ட் அறுந்து எட்டு மாதமாகக் கிடக்கும் இரண்டாவது பிளோயரை இந்த வாரமே சரி செய்யுங்கள். ஒன்று நின்றால் இன்னொன்று ஓட வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு வாங்கினோம்.

சுத்திகரித்த நீரை மாதம் ஒருமுறை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து பி.ஓ.டி., மிதக்கும் திடப்பொருள், மலத்திலிருந்து வரும் கோலிஃபார்ம் பாக்டீரியா மூன்றையும் சோதித்து, முடிவை எல்லா வீட்டுக்கும் அனுப்புங்கள். நம் குழந்தைகள் விளையாடும் புல்தரைக்கும் இந்தத் தண்ணீரைத்தான் விடுகிறோம்.

முதல் சுற்றறிக்கையோடு சேர்த்து நிறுத்திய ஆபரேட்டரின் இரவு ஷிப்டைத் திரும்பக் கொடுங்கள், பிடித்த சம்பளத்தோடு. எஸ்.டி.பி. பற்றி முடிவெடுக்கும் கூட்டத்தில் அவர் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள்.

இவற்றைப் பேச இந்த மாதத்துக்குள் சிறப்புப் பொதுக்குழு ஒன்றைக் கூட்ட வேண்டும். அதற்கான கோரிக்கையில் இதுவரை 41 வீட்டுக்காரர்கள் கையெழுத்து போட்டிருக்கிறார்கள், அதன் நகல் அலுவலகத்தில் இருக்கிறது. சனிக்கிழமை மாலை 5 மணிக்குள் லாரி ரத்தானது என்று எழுத்தில் தெரிவியுங்கள். தெரிவிக்காவிட்டால் ஞாயிறு காலை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் புகார் போகும். நானும் அந்த மூடியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன்.

என் நோட்டுப் புத்தகத்தைச் செக்யூரிட்டி அறையில் கொடுத்து வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அளவு உருளை எஸ்.டி.பி. அறையின் ஜன்னலில் இருக்கிறது. காலை ஆறரைக்கு வந்தால் ஆபரேட்டர் தம்பி செய்து காட்டுவார்.

இப்படிக்கு,
பி பிளாக், மூன்றாவது மாடியில் குடியிருப்பவள்